கட்டுநாயக்கா – மட்டக்களப்பு: ஆகாயத்தில் 50 நிமிசம், வீட்டுக்கு எத்தனை மணி?

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் இணையத்தில் கட்டுநாயக்கா (கொழும்பு), மட்டக்களப்பு என்று இரண்டு விமான நிலையப் பெயரைத் தட்டிப் பார்த்து, "முக்கால் மணித்தியாலம்தானே" என்று டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கணக்குப் பெரிய ஜெட்டுக்கானது. மணிக்கு 800 கிலோமீற்றர் ஓட்டம், ஏற இறங்க அரை மணி என்று கூட்டிச் சொல்லும். மட்டக்களப்புக்குப் பறப்பது செஸ்னா கரவான் போன்ற ஒற்றை எஞ்சின் விமானம். அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீற்றர் அளவுதான்.

கட்டுநாயக்காவிலிருந்து நேர்கோட்டில் 206 கிலோமீற்றர். 40 நிமிச ஓட்டம், மேலேற, சுற்றி இறங்க இன்னும் பத்து. சிகிரியாவில் இறங்கி ஏறும் பயணமென்றால் தூரம் 30 கிலோமீற்றர்தான் கூடும். ஆட்களும் பொதிகளும் மாற நிற்கிற நேரம்தான் கையைக் கடிக்கும்.

உண்மையான சிக்கல் தராசில். சர்வதேச விமானத்தில் 23 கிலோச் சூட்கேஸ் இரண்டு கொண்டு வந்தவருக்கு இங்கே பெரும்பாலும் 20 கிலோதான். கரவான் முழுப் பாரத்தோடு கிளம்பும்போதே ஏறத்தாழ 4 தொன். அதில் விமானத்தின் சொந்தப் பாரமும் எரிபொருளும் ஆட்களும் போக மிச்சம்தான் பெட்டிக்கு. காசு கட்டினாலும் பாரம் ஏறாது என்று சொல்லிவிடுவார்கள். மில்க் பவுடர், சொக்லேட், செருப்பு எல்லாவற்றையும் வீதியால் போகும் வான் வண்டியிலோ ரயிலிலோ அனுப்பிவிட்டு, கைப்பையோடு ஏறுகிறவருக்குத்தான் இந்தப் பயணம் சரி.

அடுத்தது நேரம். இந்தச் சின்ன விமானங்கள் பகலில்தான் ஓடும். இரவு பதினொரு மணிக்கு வந்திறங்கினால் விடியும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் வான் வண்டி பொலன்னறுவையைத் தாண்டியிருக்கும். வீதியில் ஏழு மணித்தியாலம் என்று வையுங்கள். காலையில் வந்திறங்குகிறவர், வயதான அம்மா அப்பாவைக் கூட்டி வருகிறவர், இவர்களுக்கு விமானம் நல்லது. ஐந்து பேர் குடும்பத்துக்கு ஐந்து டிக்கெட், வானுக்கு ஒரே வாடகை. மார்கழி மாரியில் மேகம் தாழ்ந்தால் தாமதமும் சேரும்.

சென்னை வழியாக யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கலாமே என்று கேட்கிறார்கள். வடக்கு கிழக்கு என்று சேர்த்துச் சொல்லியே பழகிவிட்டதால் பலாலி பக்கத்தில்தான் என்று ஒரு நினைப்பு! பலாலி–மட்டக்களப்பு நேர்கோட்டில் 290 கிலோமீற்றர், கட்டுநாயக்காவைவிடத் தூரம். கரவானில் பறந்தாலும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். தரையில் போவதென்றால் ஒரு முழுப் பகல் போய்விடும்.

அம்பாறை உகன விமான நிலையம் இதற்கு நேர்மாறு. மட்டக்களப்பிலிருந்து நேர்கோட்டில் 41 கிலோமீற்றர்; பறந்தால் ஓட்டம் எட்டு நிமிசம். கல்முனை, காரைதீவு சுற்றி வீதியால் 70 கிலோமீற்றருக்குக் கிட்ட. எட்டு நிமிசத்துக்கு யாரும் விமானம் விடமாட்டார்கள். அக்கரைப்பற்று, கல்முனை ஆட்களும் மட்டக்களப்பில் இறங்கி பஸ் எடுப்பதே வழி.

மட்டக்களப்பு ஓடுபாதை ஒன்றரைக் கிலோமீற்றர் அளவு. ஏ320 மாதிரிப் பெரிய பயணிகள் விமானம் நிறை பாரத்தோடு வர அது காணாது. சர்வதேச விமான நிலையம் என்று பெயர்ப்பலகை இருந்தும் நீங்கள் கட்டுநாயக்காவில் மாறி ஏற வேண்டியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இறங்கும்போது சக்கரம் தரை தொடும்வரை இரண்டு பக்கமும் வாவித் தண்ணீர்தான் தெரியும். நிலையம் விமானப்படைத் தளத்தோடு ஒட்டியது, நகருக்கு மேற்கே திமிலைத்தீவுப் பக்கம். ஓட்டோவை முதல் நாளே சொல்லி வையுங்கள். டவுனுக்குப் பத்து நிமிசம்.