சாம்பல் வாலாட்டியா, வெண்புருவ வாலாட்டியா?

ஓடைக்கரையில் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஓடுகிற குருவி இந்த இரண்டில் எது என்று பலருக்கும் குழப்பம். முதலில் வாலடியைப் பாருங்கள், பாதி வேலை முடிந்தது.

நிறம்: சாம்பல் வாலாட்டிக்கு முதுகு சாம்பல், வாலடி பளிச்சென்ற மஞ்சள். வெண்புருவத்துக்கு மஞ்சளே கிடையாது. கறுப்பு வெள்ளை, கண்ணுக்கு மேல் தடித்த வெள்ளைக் கோடு. ஆளும் கொஞ்சம் பெரிசு.

இடம்: முன்னது பாறைகளுக்கு நடுவே வேகமாக ஓடும் மலை ஓடைகளை விரும்பும். பின்னது ஆறு, குளம், ஊருக்குள் மொட்டைமாடி என்று எங்கும் திரியும்.

இனப்பெருக்கம்தான் பெரிய வித்தியாசம். சாம்பல் வாலாட்டி தென்னிந்தியாவுக்குக் குளிர்கால விருந்தாளி, கூடு கட்டுவதெல்லாம் இமயமலை போன்ற வடக்குப் பகுதிகளில், நீரோட்டத்தை ஒட்டிய கல்லிடுக்கில். கூடு கட்டும் காலத்தில் ஆணின் தொண்டை கறுத்துவிடும். இங்கே வரும்போது வெள்ளைதான். வெண்புருவம் வலசை போகாது, கூடு கட்ட தண்ணீர்ப் பக்கத்துச் சுவர்ப் பொந்தே போதும்.

மலை ஓடைக்கு டிசம்பரில் போகிறவர்கள் சாம்பல் வாலாட்டியைத் தேடலாம். கூடும் குஞ்சும் பார்க்கணும், நல்ல பாட்டும் கேட்கணும் என்றால் வெண்புருவம்தான்.