எல்லைத் தகராறுக்கு எது நல்லது: சிவ் 5-ஆ, சிவ் 6-ஆ?

நகரங்கள் அமைத்து ஒரு நாட்டை வளர்க்கும் ‘சிவிலைசேஷன்’ (சுருக்கமாக சிவ்) கணினி விளையாட்டில் 5-ஆம் பதிப்பைப் பல வருஷம் ஆடிவிட்டு, போன வருஷம்தான் 6-க்கு மாறினேன். மாறியதற்கு ஒரே காரணம், பக்கத்து நாட்டோடு வரும் எல்லைத் தகராறு. அதை வைத்தே இரண்டையும் பார்க்கிறேன்.

அடிப்படை இரண்டிலும் ஒன்றுதான். கலாசாரப் புள்ளி சேரச் சேர நகரத்தைச் சுற்றியுள்ள வரைபடக் கட்டங்கள் நமக்கு வரும், அவசரம் என்றால் காசு கொடுத்தும் வாங்கலாம். எல்லைத் திறப்பு ஒப்பந்தம் இல்லாமல் அடுத்தவர் படை உள்ளே வர முடியாது. 6-ல் மட்டும் ‘எர்லி எம்பயர்’ என்ற சிவிக் (கலாசாரத்தால் எட்டும் வளர்ச்சிப் படி) வரும்வரை எல்லை திறந்தே கிடக்கும்.

நம் இரண்டு நகரங்களுக்கு நடுவே இருக்கும் காலி இடத்தில் எதிராளி ஒரு செட்லரை (புது ஊர் அமைக்கும் குடியேறியை) கொண்டுவந்து ஊர் அமைக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். 5-ல் ‘எங்கள் பக்கத்தில் குடியேறாதீர்கள்’ என்று கேட்கலாம். சரி என்பார்கள், அப்புறம் திரும்பவும் வருவார்கள். பெரும் தளபதியைச் செலவழித்து சிட்டாடல் என்ற கோட்டையைக் கட்டினால் சுற்றியுள்ள ஆறு கட்டங்களையும் பிடுங்கிக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. ஆனால் ஊர் அவர்களுடையதாகவே இருக்கும். அதை எடுக்க நடைமுறையில் போர்தான் வழி.

6-ல் இதற்கு லாயல்டி, அதாவது ஓர் ஊர் தன் நாட்டின்மேல் வைத்திருக்கும் விசுவாசக் கணக்கு, இருக்கிறது. ஒவ்வொரு நகரத்தின் குடிமக்களும் ஒன்பது கட்டம் வரை உள்ள நகரங்கள் மீது அழுத்தம் கொடுக்கிறார்கள். கட்டத்துக்குக் கட்டம் அது 10 சதவீதம் குறையும். பொற்காலத்தில் இருக்கும் நாட்டின் அழுத்தம் ஒன்றரை மடங்கு, இருண்ட காலத்தில் பாதி. லாயல்டி 100-லிருந்து பூஜ்யத்துக்கு இறங்கினால் ஊர் கையை விட்டுப் போய்த் தனி நகரமாகிவிடும். ரோமை எடுத்து ஆடியபோது என் இரண்டு பெரிய நகரங்களுக்கு இடையே அப்படி ஓர் ஊர் முளைத்தது. ஒரு வீரனைக்கூட அனுப்பவில்லை. முதலில் தனி நகரமானது, பிறகு தானாகவே என்னிடம் வந்தது.

அதே சட்டம் எனக்கும் உண்டு, அதனால்தான் இதை மேலாக நினைக்கிறேன். 5-ல் பிடித்த ஊர் பிடித்ததுதான். மக்களின் மகிழ்ச்சிக் கணக்கு இடித்தாலும் எல்லைக்கோடு பெரும்பாலும் நகராது. 6-ல் ஒவ்வொரு எல்லை ஊருக்கும் பராமரிப்பு வேண்டும். கவர்னரை வைத்தால் சுற்றுக்கு 8 கூடும், ஆனால் கவர்னர்கள் கொஞ்சம் பேர்தான். எங்கே வைப்பது என்ற யோசனையிலேயே ஒரு சாயங்காலம் போய்விடும். எதிரி நாட்டுக்குள் தனியாக ஓர் ஊரைப் பிடித்தால் அடுத்த ஊரையும் சீக்கிரம் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் முதலாவது நழுவும்.

ராஜதந்திரமும் இதோடு சேர்ந்தே ஓடுகிறது. கலாசாரக் கூட்டணி போட்டால் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் லாயல்டி அழுத்தம் கொடுப்பதில்லை. பலவீனமான எல்லையைக் காப்பாற்ற நான் தேடுவது அந்த ஒப்பந்தத்தைத்தான். மற்ற நாடுகளுக்கு நம்மீது வரும் மனக்கசப்புக்கும் 6-ல் எண் உண்டு. திடீர்ப் போருக்கு 150, முன்பே கண்டித்துவிட்டு முறையாக அறிவித்தால் 100. நாளாக நாளாகக் கரையும். 5-ல் ‘போர்வெறியன்’ என்ற பெயர் வந்தால் அது எவ்வளவு என்றே தெரியாது.

நாடுகள் கூடித் தீர்மானங்களுக்கு வாக்களிக்கும் உலகப் பேரவையில் மட்டும் 5 முந்துகிறது. அங்கே தீர்மானத்தை நாமே முன்மொழியலாம், 6-ல் விளையாட்டே தேர்ந்து கொடுக்கிறது. நான் சொல்வதெல்லாம் கணினி எதிராளிகளோடு ஆடிய அனுபவம். மனிதர்களோடு இரண்டே தடவைதான் ஆடினேன், அங்கே கணக்கு மாறலாம்.

வாங்குவதானால் ஒன்றைக் கவனியுங்கள். 2016-ல் வந்த அடிப்படை 6-ல் லாயல்டி கிடையாது. 2018-ன் ‘ரைஸ் அண்ட் ஃபால்’ என்ற கூடுதல் தொகுப்பில்தான் வந்தது. 2019-ன் ‘கேதரிங் ஸ்டார்ம்’ தொகுப்பில் அந்த விதிகளும் மனக்கசப்புக் கணக்கும் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதை வாங்குங்கள்.