பழைய டிஷ்வாஷரைப் பிரித்து மாட்டித் தரும் அல்சூர் பட்டறை

பத்து ஆண்டுகளைக் கடந்த டிஷ்வாஷர் நின்றுபோனால் பெங்களூரில் பொதுவாகக் கிடைக்கும் ஆலோசனை, எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதியது வாங்குங்கள் என்பதுதான். அல்சூர் சோமேஸ்வரர் கோயிலை ஒட்டிய தெருக்களுள் ஒன்றில், பெயர்ப் பலகைகூட இல்லாமல் நடக்கும் ஒரு பட்டறை அந்த ஆலோசனையை ஏற்பதில்லை. எங்கள் வீட்டிலுள்ள ஐரோப்பியத் தயாரிப்பை அங்கே கொடுத்து முழுவதும் சீரமைத்து வாங்கினோம். அந்த வேலையின் தரத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

இயந்திரத்தில் இரண்டு கோளாறுகள் இருந்தன. தண்ணீர் சூடாகாததால் சோப்பு மாத்திரை பாதி கரைந்த நிலையில் கிடந்தது. பாத்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கும் போகவில்லை. சில வாரங்களில், ஸ்விட்சைப் போட்டவுடனேயே கழிவுநீர் பம்பு மட்டும் ஓயாமல் ஓடத் தொடங்கியது. முதலில் வந்து பார்த்த மெக்கானிக் ஒருவர் போர்டு, ஹீட்டர், மோட்டார் மூன்றையும் மாற்ற வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகை புதிய இயந்திரத்தின் விலையில் பாதியைத் தாண்டியது.

பட்டறைக்காரரோ அளந்து பார்த்த பிறகே வாய் திறந்தார். 230 வோல்ட்டில் 2000 வாட் இழுக்கும் ஹீட்டரின் மின்தடை ஏறக்குறைய 26 ஓம் இருக்க வேண்டும். மல்டிமீட்டரில் அப்படியே இருந்தது. மின்காப்பைச் சோதிக்கும் மெக்கர் கருவியை வைத்து மின்கசிவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். "ஹீட்டர் நல்லாத்தான் இருக்கும்மா, அதுக்குக் கரண்ட் போகலை" என்று சொல்லிவிட்டுப் போர்டைத் திருப்பிக் காட்டினார். ஹீட்டருக்கு மின்சாரம் விடும் ஸ்விட்சான ரிலேயின் கால்களைச் சுற்றி, பற்றவைத்த ஈயம் வளையமாக விரிசல் விட்டிருந்தது. பல ஆண்டுகள் பெரிய மின்னோட்டத்தில் சூடாகி ஆறும் இடத்தில் இப்படி ஆவது வழக்கம் என்பதால், ஈயத்தை மட்டும் புதிதாக வைக்காமல் ரிலேயையும் மாற்றினார்.

ஓயாமல் ஓடிய பம்பு, உண்மையில் பாதுகாப்பு ஏற்பாடு சரியாக வேலை செய்ததன் அடையாளம். இயந்திரத்தின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கினால் அங்குள்ள மிதவை மேலெழுந்து ஒரு ஸ்விட்சை அழுத்தும். உடனே உள்ளே வரும் தண்ணீர் நிறுத்தப்பட்டு, வெளியேற்றும் பம்பு ஓடும். ஆகவே கேள்வி, தண்ணீர் எங்கிருந்து கசிகிறது என்பதுதான். சுழற்சிப் பம்பின் தண்டைச் சுற்றி, ஒன்றன்மீது ஒன்று உரசி நிற்கும் கார்பன், செராமிக் வளையங்களாலான சீல் தேய்ந்திருந்தது. அதன் வழியே சொட்டிய தண்ணீர் மோட்டாரின் பேரிங்கையும் துருப்பிடிக்க வைத்திருந்தது. சீல், இரண்டு பேரிங்குகள், பலவீனப்பட்ட கெப்பாசிட்டர் ஆகியவற்றை மாற்றியதில், நாங்கள் பழகிப்போயிருந்த முனகலும் நின்றது. சீலை மாற்றாமல் மோட்டார் மட்டும் புதிதாகப் போட்டிருந்தால் அதுவும் அதே வழியில்தான் கெட்டிருக்கும்.

என்னை மிகவும் கவர்ந்தது தண்ணீரைப் பற்றி அவர் எடுத்துக்கொண்ட அக்கறை. எங்கள் குடியிருப்பில் காவிரித் தண்ணீருடன் போர்வெல் தண்ணீரும் கலந்தே தொட்டிக்கு ஏறுகிறது. இத்தகைய இயந்திரங்களுக்குள் தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் ரெசின் உண்டு. அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது; நாம் போடும் உப்புதான் அந்த ரெசினைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கிறது. எத்தனை முறை புதுப்பிக்க வேண்டும் என்பதை, தண்ணீருக்கேற்ப நாம் வைக்கும் கடினத்தன்மை அளவே தீர்மானிக்கிறது.  எங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதனைப் பட்டையில் பார்த்த பிறகே அந்த அமைப்பை உயர்த்தினார். தெளிப்புக் கைகளின் துளைகளில் படிந்திருந்த சுண்ணாம்பை சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து எடுத்தார்.

குறைகளும் உண்டு. பாத்திரம் அடுக்கும் கீழ்க் கூடையில் பூச்சு உரிந்து துருவேறிய கம்பிகளுக்கு அவர் பூசிய வினைல், தட்டுகள் உரசும் முனைகளில் விரைவிலேயே உரியத் தொடங்கிவிட்டது. அந்தக் கூடையை நாங்கள் தனியாக வாங்க வேண்டியதாயிற்று. பக்கவாட்டில் இருந்த ஒலித்தடுப்புப் போர்வையைச் சரியாகப் பொருத்தாததால் முன்பைவிடச் சலசலப்பு அதிகம் கேட்கிறது. சொன்ன நாளில் வேலை முடியவில்லை, கேட்ட பிறகே பில் எழுதித் தந்தார், உத்தரவாதமோ வாய்ச்சொல்தான். இவ்வளவு நுட்பமாக வேலை பார்ப்பவர் காகிதத்தில் இவ்வளவு அலட்சியமாக இருப்பது எனக்குப் புரியவில்லை. செலவு மட்டும், லக்கேஜ் ஆட்டோ வாடகையையும் சேர்த்து, புதிய இயந்திரத்தின் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கியது.

பம்பையும் மோட்டாரையும் தனித்தனியே திறக்கக்கூடிய பழைய மாடல்களுக்கே இந்தப் பட்டறை பொருந்தும். ஹீட்டரும் பம்பும் ஒன்றாக மூடப்பட்ட புதிய மாடல்களை அவர் கையில் எடுப்பதில்லை. எனவே பின்பக்கத் தகட்டிலோ கதவின் ஓரத்திலோ உள்ள மாடல் எண்ணைப் படமெடுத்துக்கொண்டு போய் முதலில் காட்டுவது நல்லது. அதைப் பார்த்தவுடனேயே ஆகும், ஆகாது என்று சொல்லிவிடுகிறார்.