வடசென்னையில் நடப்பவர்களுக்கான முதல் பணம் எங்கே போக வேண்டும்?

வடசென்னையில் யாரையும் புதிதாக நடக்கப் பழக்க வேண்டியதில்லை. காசிமேட்டிலிருந்து மீன்கூடையோடு கிளம்பும் பெண்கள், ரேஷன் பையோடு போகும் பாட்டிகள், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகள் எல்லாரும் நடந்துதான் போகிறார்கள். ஆட்டோ காசு மிச்சமாகிறது என்பதுதான் காரணம்.

நடப்பவர்களுக்கென்று கொள்கை இல்லாமலும் இல்லை. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கான கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-இல் ஏற்றது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்கிறது அது. அப்புறம், 2023 பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாய்க்கு அறிவிக்கப்பட்ட வடசென்னை வளர்ச்சித் திட்டம், 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கியபோது 4,181 கோடியாக விரிந்தது. எதை முதலில் செய்வது என்பதுதான் இப்போது கேள்வி. கடைவீதியை நடப்பவர்களுக்கான வீதியாக்குவது ஒரு வழி. துண்டுதுண்டாகக் கிடக்கும் பேட்டைகளை நடந்து கடக்கும்படி இணைப்பது இன்னொரு வழி. அரசுச் சேவைகளை நடை தூரத்துக்குக் கொண்டுவருவது மூன்றாவது.

எம்.சி. ரோடு

தி.நகரின் பாண்டி பஜாரைப் பார்த்தவர்களுக்கு முதல் வழி உடனே புரியும். 2019 நவம்பரில், சுமார் 40 கோடி ரூபாய்ச் செலவில், அந்த பஜார் இருக்கும் தியாகராய சாலையின் இரு பக்கமும் அகலமான நடைபாதை திறக்கப்பட்டது. உட்கார இருக்கைகள் வந்தன, குடும்பங்கள் மாலையில் வரத் தொடங்கின. அதே மாதிரி பழைய வண்ணாரப்பேட்டையின் எம்.சி. ரோட்டையும் மாற்ற வேண்டும் என்ற பேச்சு ரொம்ப நாளாக உண்டு. நியாயமான ஆசைதான். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் துணி எடுக்க வரும் கூட்டத்தில் அங்கே கால் வைக்க இடமிருக்காது. தியாகராயா கல்லூரி மெட்ரோவில் இறங்கி நடந்தே வந்துவிடலாம் என்பதால் வண்டிகளைக் குறைக்கவும் வழி இருக்கிறது.

ஆனால் பாண்டி பஜாருக்கு ஒரு முன்கதை உண்டு. அங்கே நடைபாதையில் கடை போட்டிருந்தவர்கள் 2013-லேயே மாநகராட்சி கட்டிய வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். காலியான இடத்தில்தான் அகல நடைபாதை வந்தது. எம்.சி. ரோட்டில் நைட்டியும் துண்டும் விற்கும் தள்ளுவண்டிக்காரர்கள்தான் அந்தத் தெருவின் பாதி உயிர். 2014-இன் தெரு வியாபாரிகள் சட்டப்படி அவர்களுக்கு இடம் குறித்துக் கொடுத்துவிட்டு வரைபடம் போட வேண்டும். வரைபடம் போட்டுவிட்டு மிச்ச இடத்தை அவர்களுக்குத் தரக் கூடாது.

இந்த வழியின் பலம், ஒரே தெரு என்பதால் வேலை முடியும், முடிந்தது கண்ணுக்கும் தெரியும். பலவீனமும் அதுவேதான். துணி எடுக்க வருகிறவர்களுக்கு அது வருஷத்தில் சில நாள் உதவும். கொருக்குப்பேட்டையில் குடியிருப்பவரின் தினசரி நடையில் ஒரு அடிகூட மாறாது.

தண்டவாளம், கால்வாய், லாரி

திருவொற்றியூரில் கடற்கரையிலிருந்து மேற்கே போய்ப் பாருங்கள். முதலில் எண்ணூர் விரைவுச் சாலை. அடுத்து திருவொற்றியூர் நெடுஞ்சாலை, அதன் மேல் மெட்ரோ. அப்புறம் ரயில் பாதை, அதையும் தாண்டினால் பக்கிங்காம் கால்வாய். ஒவ்வொன்றும் தெற்கு வடக்காக ஊரைக் கோடு போட்டுப் பிரிக்கிறது. வாகனங்கள் இந்தக் கோடுகளோடு நீளவாக்கில் ஓடுகின்றன. மனிதர்களின் தினசரி வேலை குறுக்குவாக்கில் இருக்கிறது. குப்பத்திலிருந்து சந்தைக்கு, சாத்தாங்காட்டிலிருந்து மெட்ரோவுக்கு, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு.

2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 9 கிலோமீட்டருக்கு மெட்ரோ நீண்டது. வடக்குக்குக் கிடைத்த பெரிய வரம் அது. ஆனால் வாசல்படிக்கு வந்து சேரும் கடைசி அரை கிலோமீட்டரை யாரும் கையில் எடுக்கவில்லை என்றால், அந்த வரம் நெடுஞ்சாலையோரத்தில் இருப்பவர்களோடு நின்றுவிடும்.

எதால் கடப்பது என்பதிலும் இடத்துக்கு இடம் விடை மாறும். தண்டவாளத்தின் மேல் நடைமேம்பாலம் கட்டினால், மின்கம்பிக்கு மேலே உயர்த்த வேண்டும். ஏறக்குறைய 40 படி. சாய்தளம் என்றால் ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. ஆறரை மீட்டர் உயரத்துக்கு அது 78 மீட்டர் ஆகிவிடும். சுரங்க நடைபாதைக்கு நாலு மீட்டர் ஆழம் போதும், சாய்தளமும் 48 மீட்டரில் முடியும். முழங்கால் வலிக்காரர்களுக்குச் சுரங்கப்பாதைதான் நல்லது. ஆனால் வியாசர்பாடி கணேசபுரம் சப்வேயை அறிந்தவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், மழைக்காலத்தில் அங்கே தேங்கும் தண்ணீரைத்தான் முதலில் சொல்வார்கள். வாயிலில் மேடு, தனி மோட்டார், இரவில் அணையாத விளக்கு, இந்த மூன்றும் இல்லாமல் இன்னொரு சப்வே கேட்பதில் பொருளில்லை. மூன்றும் கிடைக்கும் என்றால் நான் சப்வே பக்கம். தண்ணீர் நிற்கும் பள்ளப் பகுதியில் மட்டும் லிஃப்ட் வைத்த மேம்பாலம்.

எண்ணூர் விரைவுச் சாலைக்குக் கதை வேறு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடம் அது. அங்கே நடைமேம்பாலம் கட்டினால் மீன்கூடையோடு யாரும் ஏற மாட்டார்கள், கீழே லாரிகளுக்கு நடுவிலேயே போவார்கள். தரை மட்டத்திலேயே சிக்னல், சாலைக்கு நடுவில் நின்றுகொள்ள ஒரு திட்டு, லாரி வேகத்தைக் குறைக்கும் உயர்த்திய கடவைப் பட்டை, இவை செலவும் குறைவு, பயனும் உடனே. சிக்னல் நேரத்தை நொடிக்கு 1.2 மீட்டர் நடை என்ற வழக்கமான கணக்கில் வைப்பார்கள். சுமையோடு போகிறவரும் வயதானவரும் அந்த வேகத்தில் நடப்பதில்லை, அதனால் கூடுதல் நொடிகளைக் கேட்டு வாங்க வேண்டும்.

உட்தெருக்களையும் இதோடுதான் சேர்க்க வேண்டும். மாநகராட்சிக் கணக்கில் பஸ் போகும் சாலைகள் சுமார் 387 கிலோமீட்டர், உட்புறச் சாலைகள் 5,200 கிலோமீட்டருக்கும் மேல். நடைபாதைப் பேச்செல்லாம் முதல் வகையைப் பற்றியே நடக்கிறது. குடியிருப்புப் பகுதியில் 1.8 மீட்டர் தடையில்லாத நடைபாதை, 15 சென்டிமீட்டருக்கு மேற்படாத உயரம் என்று, சாலை அமைப்புக்கான விதிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்கிறது. நம் தெருவில் மழைநீர் வடிகாலின் மூடிதான் நடைபாதை. அது எவ்வளவு உயரமோ அவ்வளவு ஏற வேண்டும், நடுவில் மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ் என்ற மின்பெட்டியைச் சுற்றிக்கொண்டு இறங்கவும் வேண்டும். ராயபுரத்தின் குறுகிய தெருக்களில் தனி நடைபாதைக்கு இடமே கிடையாது. அங்கே வேகத்தடையும் சமமான தரையும் போதும். தெரு முழுவதையும் நடப்பவர்களுக்கு விட்டு, வண்டி மெதுவாக வரட்டும்.

இந்த வழியின் சிக்கல் பெரியது. ரயில்வே, நெடுஞ்சாலைத் துறை, நீர்வளத் துறை, மாநகராட்சி என்று பல கைகள் சேர வேண்டும். கடைவீதி இரண்டு வருஷத்தில் முடிந்தால், ஒரு சப்வேக்கு அதைவிட அதிகமாகவே ஆகும்.

அலுவலகம் பக்கத்தில் வந்தால்

2011-இல் சென்னை 176 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் ஆகியவை அதுவரை தனி நகராட்சிகள். எண்ணூர்க்காரருக்குத் தன் ஊருக்குள்ளேயே கத்திவாக்கம் நகராட்சி அலுவலகம் இருந்தது. இன்று பெரிய வேலை என்றால் திருவொற்றியூர் மண்டல அலுவலகத்துக்கு வர வேண்டும்.

இதற்கு முகாம் ஒரு விடை. 2023 டிசம்பரில் ‘மக்களுடன் முதல்வர்’, 2025 ஜூலையில் ‘உங்களுடன் ஸ்டாலின்’ என்று முகாம்கள் வந்தன. பிந்தையதில் நகர்ப்புறத்துக்கு 13 துறைகளின் 43 சேவைகள் ஒரே பந்தலில். வருவாய்த் துறையும் மின்வாரியமும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்காருவது சின்ன விஷயமில்லை. ஆனால் பந்தல் பிரித்த பிறகு மனு என்ன ஆனது என்று கேட்க ஆள் இருக்க மாட்டார். நிரந்தரக் கவுன்டரில் ஆள் இருப்பார், ஆனால் ஒரு துறைதான் இருக்கும். இரண்டையும் சேர்த்து, வார்டு அலுவலகத்திலேயே மாதம் ஒரு குறித்த நாளில் எல்லாத் துறையும் உட்கார்ந்தால் மறுமாதம் போய்க் கேட்கலாம். 2013-இல் அம்மா உணவகங்களை வார்டுக்கு ஒன்று என்ற கணக்கில் திறந்த நகரம் இது. வார்டை அளவாக வைத்து யோசிப்பது அதற்குப் புதிதில்லை. கொளத்தூரில் 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகம் மாதிரி படிக்க இடமும் அந்தந்த வார்டில் கிடைத்தால், வீட்டில் மேசை இல்லாத பிள்ளைகள் நடந்தே போய்ப் படிப்பார்கள்.

மூன்றையும் பக்கத்தில் வைத்தால், பணத்துக்கு உடனே பலன் தருவது மூன்றாவதுதான். கட்டடம் பெரும்பாலும் இருக்கிறது, ஆளும் நாளும்தான் குறிக்க வேண்டும். அதிக உயிர்களைக் காப்பது இரண்டாவது, ஏனென்றால் வண்டி மோதும் ஆபத்தை அது ஒன்றுதான் நேரடியாகக் குறைக்கிறது. ஆகவே சேவை நாட்களை இந்த வருஷமே தொடங்கி, லாரிச் சாலையின் சிக்னல்களையும் திட்டுகளையும் அதோடு போட்டு, சப்வேக்களுக்கான ரயில்வே ஒப்புதலை இப்போதே கேட்டு வைப்பேன். எம்.சி. ரோடு அதற்குப் பின்னால் வரட்டும், வியாபாரிகளுக்கு இடம் குறித்த பிறகு.

இதைச் சொல்ல ஒரு இடமும் இருக்கிறது. 2022-இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டுக்கும் வார்டு குழுவும் பகுதி சபைகளும் உண்டு. அங்கே போகும்போது ‘நல்ல நடைபாதை வேண்டும்’ என்று பொதுவாக எழுதிக் கொடுக்காமல், எந்தக் கேட், எந்தத் தெருமுனை, எத்தனை மணிக்கு எவ்வளவு பேர் கடக்கிறார்கள், அந்தச் சாலை எந்தத் துறையுடையது என்று எழுதிக் கொடுங்கள். நெடுஞ்சாலைத் துறையின் சாலை என்றால் மனுவின் நகல் அங்கேயும் போகட்டும்.