பழனி போறவங்க கவனத்துக்கு: ரோப் கார் டிக்கெட்னு சொல்லி 2,800 ரூபாயைப் பிடுங்கிட்டாங்க

நேத்து காலைல நடந்தது. இன்னும் மனசு ஆறல.

அம்மாவுக்கு 71 வயசு, ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு. 693 படி ஏறுறதை நினைச்சுக்கூடப் பார்க்க முடியாது, படி கம்மியா சரிவா ஏறுற யானைப் பாதையும் ஆகாது. ரோப் கார்னா மூணே நிமிஷம். அதை நம்பித்தான் அம்மா, நான், மனைவி, பையன்னு நாலு பேரும் கிளம்பினோம்.

ஊருக்குள்ள கார் நுழைஞ்சதுமே ஒரு பையன் பைக்ல கூடவே வந்தான். "பார்க்கிங் காட்டுறேன் வாங்கண்ணா"ன்னு அடிவாரத்துல ஒரு பூஜைச் சாமான் கடைக்குக் கூட்டிட்டுப் போனான். நான் வேண்டாம்னுதான் சொன்னேன். ஆனா அம்மா கார்ல இருந்து இறங்கத் தடுமாறினப்ப ஓடி வந்து கையைப் பிடிச்சு இறக்கினான். ஸ்டூல் போட்டு உட்கார வச்சு, தண்ணி கொடுத்து, "நீங்க வரிசையில நிக்கவே வேணாம்மா, முருகன் பார்த்துக்குவான்"னான். அங்கதான் ஏமாந்தேன். எங்கம்மா கையை அப்படிப் பிடிச்சவன் பொய் சொல்லுவான்னு தோணவே இல்லை.

ரோப் கார் போக வர, சிறப்பு தரிசனம் எல்லாம் சேர்த்து தலைக்கு 700, நாலு பேருக்கு 2,800. ஜிபே எடுக்கலைன்னு கடைக்காரர் ரொக்கமா வாங்கிட்டு, சீல் குத்தின ஒரு சீட்டும் நாலு தேங்காய் பழத் தட்டும் கொடுத்தார். மலை மேல செல்போனுக்கு 2023 அக்டோபர்ல இருந்தே தடை. அதைச் சொல்லி எங்க போனையும் வாங்கி வச்சுக்கிட்டாங்க. 5 ரூபாய்க்குப் போன் வைக்கக் கோயில்லயே இடம் இருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சது.

ரோப் கார் நிலையத்துக்குப் போனா பூட்டிக் கிடக்கு! மாதாந்திரப் பராமரிப்பாம், அன்னைக்கு முழுக்க ஓடாதாம். அடிவாரத்துலயே கடை வச்சிருக்கிறவங்களுக்கு இது தெரியாதா? அந்த பைக் பையனைக் கூப்பிடலாம்னா போன் கையில இல்லை.

திரும்பி வந்து கேட்டா, "அந்தப் பையன் எங்க ஆளே இல்லை சார்." சீட்டை நீட்டினா, "இது தட்டுக்குப் போட்ட பில்லு." அப்புறம், "முதலாளி சாப்பிடப் போயிருக்கார்." அரை மணி நேரம் கழிச்சு, "சாமி கும்பிட வந்த இடத்துல சண்டை எதுக்கு?" நாலு தட்டுக்கு 2,800 ரூபாயா?

ரோப் கார் இல்லாததால மொத்தக் கூட்டமும் வின்ச்லதான், அதாவது கம்பி வடத்துல மலை மேல இழுத்துட்டுப் போற ரயில்ல. ரெண்டரை மணி நேரம் அம்மா கம்பியைப் பிடிச்சுக்கிட்டே நின்னாங்க. "போனா போகுதுடா"ன்னு என்னைத்தான் சமாதானப்படுத்தினாங்க.

போறவங்களுக்கு விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், கை ஓடல. கிளம்பும் முன்னாடி ரோப் கார் ஓடுதான்னு கோயிலுக்கே போன் போட்டுக் கேளுங்க. மாசத்துல ஒரு நாள் நிறுத்துவாங்க, வருஷப் பராமரிப்புன்னா வாரக்கணக்குல ஓடாது, காத்து பலமா அடிச்சாலும் நிறுத்திடுவாங்க. டிக்கெட்டைக் கவுண்டர்ல மட்டும் வாங்குங்க. பைக்ல துரத்திட்டு வர்றவன் பின்னாடி போகாதீங்க. ரொக்கம் கொடுக்கவே கொடுக்காதீங்க.

சீட்டுல இருக்கிற நம்பருக்கு இன்னைக்கு நாலு தடவை அடிச்சுட்டேன். எடுக்கல. அம்மாவுக்கு முட்டி வீங்கியிருக்கு.