லின் டான் பெயரில் வந்த வோல்ட்ரிக் எல்டி-ஃபோர்ஸ்: யார் கைக்குப் பொருந்தும்?

2009 முதல் சீன அணியோடு லி-நிங் நிறுவன ராக்கெட்டில் ஆடிய பேட்மின்டன் வீரர் லின் டான், 2015இல் யோனெக்ஸ் நிறுவனத்துக்குத் திரும்பினார். அவர் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கி, யோனெக்ஸின் வோல்ட்ரிக் வரிசையில் வந்த ராக்கெட்தான் எல்டி-ஃபோர்ஸ். அவருடைய ஸ்மாஷ் கூடவே வரும் என்று நம்பி இதை வாங்குவோர்தான் ஏமாறுகிறார்கள்.

2016 ஆல் இங்கிலாந்து போட்டியின் இறுதியாட்டத்தில் தியான் ஹௌவேயை 21-9, 21-10 என்று வீழ்த்தியபோது லின் டானுக்கு வயது 32. இளமையில் போலக் கண்டதையெல்லாம் அடித்து நொறுக்கும் ஆட்டம் அப்போது அவரிடம் இல்லை. பின்கோட்டுக்குத் தூக்கி, வலையருகே இழுத்து, எதிராளியின் கால் தவறும்போது அடிப்பார். இந்த ராக்கெட்டும் அந்தப் பொறுமைக்கானது. தலைப்பாரம் அதிகம், ஷாஃப்ட் (தலையையும் கைப்பிடியையும் இணைக்கும் தண்டு) விறைப்பு. பின்கோட்டிலிருந்து முழு வீச்சில் அடித்தால் ஷட்டில் செங்குத்தாக இறங்கும். வலையை ஒட்டித் தட்டையாக வேகமாக வரும் டிரைவ் அடிக்கோ ராக்கெட்டின் தலை தாமதமாகத்தான் திரும்பும். இரட்டையர் ஆட்டத்தில் முன்வரிசைக்கு இதைப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

மணிக்கட்டைக் கடைசி நொடியில் சுண்டத் தெரியாதவருக்கு, எதிராளியின் பின்கோட்டுக்கு உயர்த்தி அடிக்கும் கிளியர் நடுக்கோட்டிலேயே விழும். அதை ஈடுகட்டத் தோளால் தள்ளுவார்கள். வலி அங்கேதான் தொடங்கும். பாரம் உறுத்தினால் ராக்கெட்டை மாற்றுமுன் கைப்பிடியில் இன்னொரு ஓவர்கிரிப் (மேலே சுற்றும் பட்டை) சுற்றிப் பாருங்கள். அங்கே 5 கிராம் கூடினால் சமநிலைப் புள்ளி ஏறக்குறைய 1 செ.மீ. கைப்பிடிப் பக்கம் நகரும். வித்தியாசம் உடனே கையில் தெரியும்.

ராக்கெட் நரம்பின் இழுவிசையை 24 பவுண்டில் தொடங்குவது நல்லது. தொழில்முறை வீரர்களைப் பார்த்து 28க்குப் போனால் நரம்பின் நடுப்பகுதிக்கு வெளியே பட்ட அடியெல்லாம் செத்துப்போகும். நரம்பு ஒன்று அறுந்தால் மற்றவற்றை உடனே நடுவிலிருந்து வெளிப்புறமாக, நெடுக்கும் குறுக்குமாக மாற்றி மாற்றி வெட்டிவிடுங்கள். ஒருபக்க இழுவிசையில் ஃப்ரேம் கோணிக்கொள்ளும்.

வோல்ட்ரிக் வரிசையின் இடத்தை இப்போது யோனெக்ஸின் அஸ்ட்ராக்ஸ் வரிசை பிடித்துவிட்டதால், கைமாறி வந்ததுதான் பெரும்பாலும் கிடைக்கும். நரம்புத் துளைகளின் பிளாஸ்டிக் குழல்கள் உள்ளே அமுங்கியிருக்கிறதா, மேல்வளைவின் இருபுறமும் பெயின்டில் மயிரிழைக் கீறல் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கீறலை விரலால் அழுத்தும்போது நெறிந்தால் அது வெறும் பெயின்ட் அல்ல, ஃப்ரேமே விரிசல் விட்டிருக்கிறது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.