தம்பியின் ஏடிஎம் கார்டை ஏஜென்சியிடம் கொடுத்தோம், நீங்கள் கொடுத்துவிடாதீர்கள்

பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, தஞ்சாவூர்ப் பக்கம் வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவரை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பிய ஏஜென்சியின் பெயரைப் போடவில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது. பெயர் தெரிந்தும் பெரிதாகப் பயன் இல்லை, நாளைக்கே வேறு பெயரில் இதே பேச்சோடு உங்கள் வாசலுக்கு வருவார்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துப் போட்ட தென்னைகளை அறுக்கப் போன இடத்தில், மரம் ஒன்று உருண்டு என் தம்பியின் முதுகில் விழுந்தது. தண்டுவடம் போய்விட்டது. இடுப்புக்குக் கீழே அசைவும் கிடையாது, உணர்வும் கிடையாது. கை இரண்டும் நன்றாக இருக்கின்றன, புத்தி எங்கள் எல்லாரையும்விடத் தெளிவு. அம்மாவுக்கு மூட்டுவலி, அவனைப் புரட்டிப் போட முடியாது. ராத்திரியில் பக்கத்து வீட்டில் இருக்கும் சித்தப்பா மகன் வந்து பார்த்துக்கொள்வான். நான் தஞ்சாவூரில் வேலையில் இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைதான் ஊருக்குப் போக முடியும். மாற்றுத்திறனாளிகள் நலத்துறையிலிருந்து பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய் (முன்பு 1500) தம்பியின் கணக்குக்கு வருகிறது. அதோடு நாங்கள் 7000 சேர்த்தால் பகலுக்கு ஓர் ஆள் போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டோம்.

ஏஜென்சிக்காரர் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கே வந்தார். அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அப்புறம் என்னிடம், "அக்கா, நீங்க வேலைக்குப் போறவங்க, அம்மாவால பேங்குக்கு அலைய முடியாது, ஏடிஎம் கார்டையும் பாஸ்புக்கையும் எங்ககிட்டயே கொடுத்துடுங்க, கவர்மெண்ட் காசை நாங்களே எடுத்துக்கறோம், மீதியை மட்டும் அஞ்சாம் தேதிக்குள்ள போட்டுவிடுங்க, வருஷா வருஷம் கேக்குற வாழ்நாள் சான்றுகூட நாங்களே வாங்கிக் கொடுத்துடறோம்" என்றார். பதிவுக் கட்டணம் 5000. ஆளுக்குப் பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டேன், நர்சிங் படித்த பையன் என்றார். சான்றிதழைக் காட்டச் சொல்லாதது என் தப்பு. நான்கைந்து தாள்களில் தம்பியிடம் கையெழுத்து வாங்கினார். அதில் ஒன்று வங்கிக் கணக்கில் செல்பேசி எண்ணை மாற்றச் சொல்லும் படிவம் என்பது பின்னால்தான் தெரிந்தது.

நான்காவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேட்டி மாற்றத் தம்பியை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். வாடை வந்தது. யூரின் பேக் கசிகிறதோ என்று பார்த்தால் பை சரியாக இருந்தது. வால் எலும்பு இருக்கும் இடத்தில், ஒரு ரூபாய்க் காசை விடக் கொஞ்சம் பெரிதாக, நடுவில் கறுத்து, ஓரமெல்லாம் சிவந்து ஒரு புண். துணியில் நீர் ஒட்டியிருந்தது. அவனுக்குத் தெரியாது, தெரிய வழியே இல்லை. "என்னக்கா, ஏன் பேச மாட்டேங்கிற" என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டே கேட்டான். எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை.

தண்டுவடம் போனவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போட வேண்டும். உணர்வு இல்லாத இடத்தில் ஒரே பக்கம் பாரம் அழுத்தினால் ரத்த ஓட்டம் நின்று சதை அழுகிவிடும். இது ஆஸ்பத்திரியில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம். மறுநாள் லீவு போட்டுவிட்டு அந்தப் பையனைக் கூப்பிட்டு விசாரித்தேன். பத்தொன்பது வயசு, அதற்கு முன்னால் டீக்கடையில் கிளாஸ் கழுவியவன். "புரட்டணும்னு யாரும் சொல்லலைக்கா, டியூப்பை இழுக்காமப் பாத்துக்கன்னு மட்டும்தான் சொன்னாங்க" என்றான். நாளுக்கு 200 ரூபாய் பேசியிருக்கிறார்கள், ஒன்றரை மாதமாக அதுவும் கொடுக்கவில்லையாம். அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. இந்த நான்கு மாதத்தில் அவன் மூன்றாவது ஆள்.

வங்கிக்குப் போய் வேறு பாஸ்புக் கேட்டு, வரவு செலவைப் பதிந்து வாங்கினேன். மாதா மாதம் 2000 எடுத்திருக்கிறார்கள், அது பேசியபடி. சிங்கப்பூரில் இருக்கும் மாமா மகன், தம்பிக்கு நல்ல தண்ணீர் மெத்தை வாங்கச் சொல்லி 18,000 அனுப்பியிருந்தார். அதில் 10,000 ஒரே நாளில் போயிருந்தது. குறுஞ்செய்தி எங்களுக்கு வரவே இல்லை, அது போன எண் ஏஜென்சிக்காரருடையது. வங்கியில் முதல் கேள்வியே "பின் நம்பரை நீங்களாகத்தானே கொடுத்தீங்க?" ரிசர்வ் வங்கி 2017இல் போட்ட விதிப்படி, ரகசிய எண்ணை நாமே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம் தலையில்தான். தெரிவித்த பிறகு போனால்தான் வங்கி பொறுப்பு. அதனால் சந்தேகம் வந்த அந்த நிமிஷமே கார்டை முடக்கச் சொல்லுங்கள், ஏஜென்சியிடம் பேசிப் பார்த்துவிட்டு அப்புறம் போகலாம் என்று ஒரு நாள்கூட இருக்காதீர்கள். நான் இரண்டு நாள் இருந்தேன். அந்த இரண்டு நாளில் இன்னும் 1500 போயிற்று.

இதைவிட மனசு ஆறாத விஷயம் ஒன்று. பிசியோதெரபிக்கு என்று தடவைக்கு 500 வீதம் தனியாக வாங்கினார்கள். எங்கள் தெருவுக்கு மாதா மாதம் அம்மாவின் பிரஷர் மாத்திரையோடு வரும் சுகாதாரத் தன்னார்வலர் அக்காவிடம் சொன்னதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021இலிருந்து நடக்கிறதே, அதில் படுக்கையில் இருப்பவருக்கு பிசியோதெரபியும், வலியையும் அவதியையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே இலவசமாக உண்டாம். அம்மாவுக்கு மாத்திரை கொடுக்க வருகிறவர் எங்கள் வாசலில்தான் நிற்கிறார், உள்ளே படுத்திருக்கும் தம்பியைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டிருக்கிறோம். இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் வந்து புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறார். உங்கள் வீட்டிலும் இருந்தால் முதலில் அங்கே பெயரைக் கொடுங்கள், காசு கொடுத்து வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் தஞ்சாவூர் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தேன். அதே கையோடு மாற்றுத்திறனாளி நல அலுவலகத்தில் கேட்டபோது வாழ்நாள் சான்று இன்னும் வரவே இல்லை என்றார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் உதவித்தொகையே நின்றிருக்கும். உடனே விஏஓவைப் பார்த்து நாங்களே வாங்கிக் கொடுத்தோம். ஏஜென்சிக்காரர் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் வைக்காமல் நாமே எழுதிக் கொடுக்கலாம். ஒரே ஒரு குறை, எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் என்னிடம் இல்லை. முத்திரை இல்லாத வெள்ளைத்தாள் ரசீதும், நான் போட்ட 7000 எல்லாவற்றுக்குமான செல்பேசிப் பதிவும்தான் கையில் இருக்கின்றன. நீங்கள் யாரிடம் போனாலும் எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை, ஆள் வராத நாளுக்கு எவ்வளவு கழிவு என்று எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் பணத்தை எடுங்கள். மாதம் முடிந்த பிறகு கொடுங்கள், முன்னால் கொடுக்காதீர்கள்.

அந்தப் பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். இப்போது ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் நேரடியாக வருகிறார். வந்த நேரம், புரட்டிய நேரம், பை மாற்றிய நாள் எல்லாவற்றையும் தம்பியே ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுகிறான், சனிக்கிழமை சாயங்காலம் கணக்குப் பார்த்து அவனே செல்பேசியில் சம்பளம் அனுப்புகிறான். புதுக் கார்டு அவன் தலையணை உறைக்குள் இருக்கிறது. ரகசிய எண் எனக்கும் தெரியாது. புண் சுருங்கியிருக்கிறது, முழுசாக ஆற இன்னும் நாளாகும் என்று நர்ஸ் சொல்கிறார். நுகர்வோர் ஆணையத்தில் அடுத்த வாய்தா வரும் 20ஆம் தேதி. அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.